படகு நின்றது உன் பாட்டினால் அல்ல

கண்ணு, இதை உன் போனுக்கு மட்டும் அனுப்பியிருக்கலாம். இப்போது படிக்காவிட்டாலும் என்றைக்காவது ஒருநாள் திறந்து பார்ப்பாய். ஆனால் உன் அப்பா உன்னை அடித்தது நம் வீட்டுக்குள் இல்லையே. ஏரிக்கரையில், விடுதி மேனேஜரும் பெங்களூரிலிருந்து வந்திருந்த குடும்பமும் சோளம் சுடுகிற அக்காவும் பார்த்துக்கொண்டிருக்க அடித்தார். பாட்டுப் போட்டே பேட்டரியைத் தின்றுவிட்டான் என்று அத்தனை பேர் காதிலும் விழச் சொன்னார். நாலு பேர் முன்னால் உன்மேல் போட்டதை நான் உன் காதோடு ரகசியமாகத் துடைத்துவிட்டுப் போனால் அது துடைத்ததாகாது. அதனால் யார் வேண்டுமானாலும் படிக்கட்டும் என்று எழுதுகிறேன். செகண்ட் ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கி, கை கால் கழுவிவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். படுத்தாலும் தூக்கம் வரப்போவதில்லை.

முதலில் சொல்லவேண்டியதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாதியில் நீ மூடிவைத்துவிட்டால் என்ன செய்வது என்று பயமாக இருக்கிறது. அன்றைக்குப் படகு நடு ஏரியில் நின்றதற்கு நீ காரணமில்லை. உன் ஸ்பீக்கர் காரணமில்லை, நீ ஓரமெல்லாம் ஒட்டிய கலர் லைட்டும் காரணமில்லை. எஞ்சின் பேட்டரிக்குச் சார்ஜே கொடுக்கவில்லை. ஏன் கொடுக்கவில்லை என்பதை என் கையால், என் மீட்டரை வைத்துப் பார்த்துவிட்டேன். நீ அப்போதே சொன்னாய். நீ சொன்னதுதான் சரி.

உன்னோடு சேர்ந்து இதைப் படிக்கிறவர்களுக்கு நம்மைத் தெரியாது. அதனால் உனக்குத் தெரிந்த கதையையும் கொஞ்சம் சொல்லவேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள். பி.எஸ்சி. இயற்பியல் முதல் வருஷம் படிக்கும்போதே என்னைக் கட்டிக்கொடுத்துவிட்டார்கள். இரண்டாம் வருஷப் பரீட்சையை உன்னை வயிற்றில் வைத்துக்கொண்டு எழுதினேன். பிராக்டிகல் அன்று மேசைக்கும் எனக்கும் நடுவில் நீ இருந்ததால் மீட்டரை எட்டி எட்டிப் பார்த்தேன் என்று சொன்னால் நீ விழுந்து விழுந்து சிரிப்பாய். உன்னை ஐ.டி.ஐ.யில் சேர்க்கப் போனபோது கவுன்ட்டரில் இருந்தவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "அக்கா கையெழுத்து செல்லாதும்மா, அம்மாவ வரச் சொல்லு" என்றார். அதற்குப் பிறகு எத்தனை நாள் வீட்டுக்குள் நுழையும்போதே "அக்கா, சோறு போடு" என்று கத்திக்கொண்டு வந்தாய். அப்படிக் கிண்டல் செய்த பிள்ளையின் போன் இப்போது மணியடித்து மணியடித்து ஓய்கிறது.

சின்ன வயதில் பெற்றவளுக்குப் பயம் அதிகம், கண்ணு. நீ அசையாமல் தூங்கினால் மூக்கடியில் விரல் வைத்துப் பார்ப்பேன். மூச்சு வருகிறது என்று தெரிந்த பிறகும் இன்னொரு தரம் வைத்துப் பார்ப்பேன். அந்தப் பயம் என்னைவிட்டுப் போகவே இல்லை. ஓசூரில் ஒயரிங் செய்கிற கம்பெனியில் என்னை ஆய்வுப் பிரிவில் வைத்திருப்பதே அதற்காகத்தான் என்று நீதான் சொல்வாய். ஒவ்வொரு முனையையும் இழுத்துப் பார்த்து, மீட்டர் வைத்துப் பார்த்து, சரியாக இருக்கிறது என்று தெரிந்தும் மனசு ஆறாமல் மறுபடி பார்க்கிறவள் வேறு எந்த வேலைக்கு ஆவாள்.

உன் அப்பாவோ நேர் எதிர். அவருக்குச் சந்தேகம் என்ற ஒன்று கிடையாது, கை சுத்தம் ஒன்றுதான் உண்டு. வண்டிப் பாகங்களுக்குப் பெயிண்ட் அடிக்கிற கம்பெனியில் காண்ட்ராக்ட் ஆளாகவே இத்தனை காலம் இருந்தார். அவர் அடித்த டேங்கில் முகம் பார்த்துப் பொட்டு வைக்கலாம் என்று அவரோடு வேலை செய்தவர்கள் இன்றைக்கும் சொல்கிறார்கள். பெயிண்ட் அடிக்க எந்திரக் கை வந்தது, இவர்களை நிறுத்திவிட்டார்கள். நிறுத்தும்போது கையில் கொடுத்த பணத்தையும் என் நகையையும் வைத்து, கேரளாவிலிருந்து லாரியில் வந்த அந்தப் பழைய ஃபைபர் படகை எஞ்சினோடு வாங்கினார். பெங்களூர்க்காரர்கள் சனி ஞாயிறு வந்து தங்குகிற ஏரிக்கரை விடுதியில் சவாரி ஓட்டுவது என்று ஏற்பாடு. நீச்சல் தெரியாத மனுஷன் படகு வாங்கினார் என்று நம் ஊர் உத்தனப்பள்ளியே சிரித்தது. நீதான் தைரியம் சொன்னாய். ஐ.டி.ஐ. முடித்த கையோடு கம்பெனிக்குப் போகாமல், "நான் ஓட்டறேம்ப்பா, நீ டிக்கெட்ட மட்டும் பாத்துக்க" என்றாய். அவர் முகத்தில் அன்றைக்கு வந்த வெளிச்சத்தை நான் கல்யாணத்தன்றுகூடப் பார்த்ததில்லை.

போன வருஷ ஆயுத பூஜை உனக்கு நினைவிருக்கும். கம்பெனிகளில் எந்திரத்தையெல்லாம் கழுவி, பெயிண்ட் அடித்து, பொட்டு வைத்து, பொரி கடலை கொடுத்து ஊரே மணக்கிற நாள். நமக்கென்று ஓர் எந்திரம் வந்து முதல் பூஜை. அப்பா முந்தின நாளே படகைக் கரையேற்றிவிட்டார். மற்றவர்கள் என்றால் எஞ்சின் மூடியைத் திறந்து, கைக்கு எட்டின இடத்தில் பிரஷ்ஷை ஓட்டிவிட்டு மூடியிருப்பார்கள். பெயிண்ட் ஷாப்பில் இருந்த கை அப்படி விடுமா? ஒவ்வொரு பாகமாகக் கழற்றச் சொன்னார். நீ கழற்றி வரிசையாகத் துணியில் வைத்தாய். அவர் துரு தேய்த்து, பிரைமர் கொடுத்து, வாடகைக்கு வாங்கிவந்த ஸ்பிரே துப்பாக்கியால் நீலப் பெயிண்டை இரண்டு கோட்டு அடித்தார். போல்ட்டைக்கூட விடவில்லை, கம்பியில் கோத்துத் தொங்கவிட்டு அடித்தார். காய்ந்த பிறகு எல்லாவற்றையும் நீ திரும்ப மாட்டினாய். "பாருடா, சோரூம்ல இருந்து வந்த மாதிரி கீது" என்று உன் தோளில் தட்டினார். உன் கன்னத்தில் ஒரு நீலத் தீற்றல் இருந்தது. துடைக்கவேண்டாம் என்று சொல்லி நான் போட்டோ எடுத்தேன். அந்த போட்டோவைத்தான் இப்போது எடுத்து எடுத்துப் பார்க்கிறேன். நம் வீட்டின் சந்தோஷம் அது ஒன்றுதான் என்று நினைத்து வைத்திருந்தேன். கெடுதல் உள்ளே போனதும் அந்த மணி நேரத்தில்தான் என்று இப்போது தெரிகிறது. எதைப் பார்த்துச் சந்தோஷப்படுவது என்றே தெரியவில்லை.

அதற்குப் பிறகு நீ ஸ்பீக்கர் மாட்டினாய், லைட் ஒட்டினாய். கன்னடப் பாட்டு, தெலுங்குப் பாட்டு, தமிழ்ப் பாட்டு என்று சவாரிக்கு வருகிறவர்கள் முகத்தைப் பார்த்து மாற்றிப் போடுவாயாம். பிள்ளைகள் இறங்கமாட்டேன் என்று அடம் பிடிக்குமாம். அப்பாவே அதைப் பெருமையாகச் சொல்லியிருக்கிறார். பிறகு பேட்டரி இறங்க ஆரம்பித்தது. காலையில் சாவியைத் திருப்பினால் டக் டக் என்று சத்தம் மட்டும் வரும். ஒருநாள் நான் பஸ்ஸுக்குக் கிளம்பும் அவசரத்தில் இருந்தபோது நீ அடுப்படி வாசலில் நின்று சொன்னாய், "ம்மா, ஒருநா ஏறுது, ஒருநா ஏறல. கரைல பாத்தா நல்லா கீது, உள்ள போனா சார்ஜே ஏறலம்மா. நீ மீட்டர எடுத்துட்டு ஒருவாட்டி வாயேன்." வாரலீவில் வருகிறேன் என்றேன். அந்த வாரம் ஓவர்டைம் போட்டுவிட்டார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் கம்பெனியில் இருந்தேன். பிறகு ஆள் ஆளாகக் கேட்டுத்தான் கோத்துக்கொண்டேன். பெங்களூர்க் குடும்பம், இரண்டு குழந்தைகள், ஒரு தாத்தா. நடு ஏரியில் போட்டோ எடுக்க எஞ்சினை நிறுத்தச் சொன்னார்கள். நிறுத்தினாய். திரும்பக் கிளப்பினால் கிளம்பவில்லை. காற்று எதிர்க்கரைப் பக்கம் தள்ளியது, படகு ஆகாயத்தாமரைக்குள் போய்ச் சொருகிக்கொண்டது. எஞ்சினைக் கையால் கிளப்புகிற கயிற்றைச் சுற்றி இழுத்து இழுத்து உன் உள்ளங்கைத் தோல் உரிந்தது. அப்போதும் எல்லோருக்கும் லைஃப் ஜாக்கெட் வார் இறுக்கமாக இருக்கிறதா என்று ஒவ்வொருவராகப் பார்த்தாயாம். அழுத குழந்தைக்கு மீன் கதை சொன்னாயாம். இதைச் சொன்னது அந்தத் தாத்தாவே, மேனேஜரிடம். யாரும் காது கொடுக்கவில்லை. பரிசலில் வலை வீசிக்கொண்டிருந்தவர் கயிறு கட்டி இழுத்துவந்து கரை சேர்த்தார். ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

கரையில் மேனேஜர், "ஏனப்பா, ஜனங்க உயிரோட வெளையாடறியா?" என்று ஆரம்பித்தார். நீ அப்பாவைப் பார்த்து, சார்ஜ் ஏறவில்லை என்று நான்தான் முன்னமே சொன்னேனே என்றாய். அவ்வளவுதான். அவர் கை ஓங்கியது அதற்குத்தான். "சார்ஜ் ஏறலயாம். பாட்டு போட்டே பேட்டரியத் தின்னுட்டு, பேச்சப் பாரு" என்று சொல்லி, ஸ்பீக்கரை ஒயரோடு பிய்த்து ஏரியில் வீசினார். லைட்டையும் பிய்த்தார். நீச்சல் தெரியாத மனுஷன் அரைமணி நேரம் கரையில் நின்று, தன் பிள்ளை தண்ணீரில் மாட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்திருக்கிறார். அந்தப் பயம்தான் அடியாக வந்தது என்று எனக்குத் தெரியும். உனக்கும் தெரிந்திருக்கும். தெரிந்து என்ன, கன்னத்தில் விழுந்தது விழுந்ததுதானே. மறுநாள் காலை உன் கைக்கு மருந்து போட்டுக்கொண்டே, பாட்டைக் கொஞ்சம் குறைத்திருக்கலாம் இல்லையா கண்ணு என்று நானும் சொன்னேன். நீ கையை இழுத்துக்கொள்ளவில்லை. மருந்து போட்டு முடிக்கிறவரை நீட்டிக்கொண்டே இருந்தாய். அந்த வாரமே போய்விட்டாய். வேலைக்கு என்று ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் ஓசூருக்கு ரயில் ரயிலாக வருகிறார்கள். நம் தெருவில் குடியிருந்த ஒடிசாப் பையன் பேச்சைக் கேட்டு, நீ இங்கிருந்து குஜராத்தில் டைல்ஸ் கம்பெனிக்குப் போனாய்.

நீ போன பிறகு ஸ்பீக்கர் இல்லை, லைட் இல்லை, பாட்டு இல்லை. பேட்டரி மட்டும் இறங்கிக்கொண்டேதான் இருந்தது. அப்பா மறுபடி இரண்டு தரம் கரையோரத்திலேயே மாட்டிக்கொண்டார். அதற்குப் பிறகு அவர் செய்ததைச் சொன்னால் நீ நம்பமாட்டாய். ஒவ்வொரு நாளும் பேட்டரியைக் கழற்றி மொபெட்டில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவருவார். ராத்திரி முழுக்கச் சார்ஜரில் போடுவார். விடிந்ததும் தூக்கிக்கொண்டு போய் மாட்டுவார். ஆசிட் பட்டு அவர் பேன்ட்டெல்லாம் சல்லடையாகிவிட்டது. இடுப்பு பிடித்துக்கொண்டது. ஏன் இந்தப் பாடு, ஒரு ஆளைக் கூப்பிட்டுப் பார்க்கலாமே என்று கேட்டால், "பழைய பேட்டரி, அப்பிடித்தான் இருக்கும்" என்பார். எனக்கு மெல்ல மெல்லத்தான் புரிந்தது. ஆளைக் கூப்பிட்டால் அந்த ஆள் ஏதாவது ஒரு கோளாறைக் காட்டிவிடுவான். காட்டிவிட்டால் உன்னை அடித்தது எதற்கு என்ற கேள்வி வரும். அந்தக் கேள்வியைவிட அவருக்குப் பேட்டரியின் கனம் குறைவாக இருந்திருக்கிறது.

ஒரு வாரலீவு நாளில், பாகலூரில் ஒரு கல்யாணத்துக்கு அவர் போயிருந்தபோது, நான் மீட்டரையும் பேட்டரியையும் எடுத்துக்கொண்டு ஏரிக்குப் போனேன். வாட்ச்மேனுக்கு என்னைத் தெரியும், கேட்டைத் திறந்துவிட்டார். பேட்டரியை முன்னமே கடையில் கொடுத்துப் பார்த்திருந்தேன், அதில் குறையில்லை என்றார்கள். எஞ்சினைக் கிளப்பி, பேட்டரியின் இரண்டு முனையிலும் மீட்டரை வைத்தேன். எஞ்சின் ஓடும்போது வோல்ட் பதினாலுக்குப் பக்கத்தில் ஏறவேண்டும். ஏறவில்லை, பன்னிரண்டிலேயே நின்று கீழே நழுவிக்கொண்டிருந்தது. முனைகளைச் சுரண்டிச் சுத்தம் செய்தேன், அதே கதை. ஃபியூஸ் நன்றாக இருந்தது. மின்சாரம் பிறக்கிற காயிலிலிருந்து வரும் மூன்று மஞ்சள் ஒயரையும் சோதித்தேன், மூன்றிலும் ஒரே அளவு வந்தது. அப்படியென்றால் நடுவில் இருக்கிற ரெகுலேட்டர்தான் போயிருக்கவேண்டும். காயிலில் பிறப்பதைப் பேட்டரிக்கு ஏற்றமாதிரி மாற்றிக் கொடுக்கிறது அதுதானே. அவர் வெளியே போயிருந்த வேறொரு நாள் லீவு போட்டு, பெங்களூரில் சொல்லிவைத்து வாங்கிய புது ரெகுலேட்டரை எடுத்துப்போய், பழையதைக் கழற்றிவிட்டு மாட்டினேன். மீட்டரைப் பார்த்தேன். அதே பன்னிரண்டு.

அன்றைக்குப் படகுப் பலகையில் உட்கார்ந்து அழுதேன், கண்ணு. எனக்கு வந்த நினைப்பைச் சொல்கிறேன். ஒன்றிலும் குறையில்லை என்றால் பிள்ளைமேல்தான் குறை என்று ஆகிவிடும். எல்லாப் பாகமும் நல்லது என்று மீட்டர் சொல்லச் சொல்ல, உன் கழுத்தில் ஏதோ இறுகுகிறமாதிரி இருந்தது. மீட்டரை மூடிவைத்துவிட்டுக் கிளம்பிவிட்டேன். படித்துறைவரை வந்தவள், நல்லவேளை, என் பயம் பிடித்த புத்தியால் திரும்பிப் போனேன். கம்பெனியில் எல்லாம் சரி என்று சீல் வைத்த பிறகும் இன்னொரு இடத்தைத் தொட்டுப் பார்க்கிற அந்தப் புத்தி. யாரும் வைத்துப் பார்க்காத இடத்தில் வைத்தேன். மீட்டர் ஒயரின் ஒரு முள்ளை ரெகுலேட்டரின் அலுமினிய உடம்பில், இன்னொரு முள்ளைப் பேட்டரியின் மைனஸில். இந்த ரகத்தில் ரெகுலேட்டருக்குத் தனியாக எர்த் ஒயர் கிடையாது. அதன் உடம்பு எஞ்சினின் உடம்பைத் தொட்டுக்கொண்டிருப்பதுதான் எர்த். அங்கே மீட்டர் ஒன்றும் காட்டக்கூடாது. ஆனால் எண் துள்ளியது. உடனே ஒரு ஒயர்த் துண்டை எடுத்து, ரெகுலேட்டர் உடம்பையும் மைனஸையும் சேர்த்துப் பிடித்தேன். எஞ்சின் சத்தம் லேசாக இறங்கியது, சுமை ஏறின மாதிரி. பேட்டரியில் வோல்ட் பதிமூன்றைத் தாண்டி, பதினாலுக்குப் போய் நின்றது.

ரெகுலேட்டரைக் கழற்றித் திருப்பினேன். அதன் அடியில், எஞ்சினில் அது உட்காரும் இடத்தில், அந்த நீலம். பிரைமர், அதன்மேல் இரண்டு கோட்டு, ஒரு கீறல் இல்லாமல், முகம் தெரிகிற பளபளப்பு. புது ரெகுலேட்டரை அதே பெயிண்டின்மேல்தான் நானும் உட்காரவைத்திருந்தேன். போல்ட் மரையிலும் பெயிண்ட். அந்த மரை எங்கோ கொஞ்சம் உரசித் தொட்டுக்கொண்டிருந்தவரை சார்ஜ் ஏறியிருக்கிறது. எஞ்சின் அதிர்வில் நழுவும்போதெல்லாம் நின்றிருக்கிறது. நீ சொன்ன ஒருநாள் ஏறுகிறது, ஒருநாள் ஏறவில்லை என்பது அதுதான். உலோகம் தெரியச் சுரண்டிவிட்டு மாட்டினேன். சந்தோஷமே வரவில்லை. எவ்வளவு சின்ன இடம் தெரியுமா, ஒரு தோசைத் துண்டு அளவுகூட இல்லை. அதற்காக என் பிள்ளை நாடு கடந்த மாதிரி எங்கோ மண் தூசிக்குள் நிற்கிறான்.

அப்பா வந்ததும் சொன்னேன். பழைய ரெகுலேட்டரையும் சுரண்டிய நீலத் தூளையும் ஒரு பேப்பரில் வைத்துக் காட்டினேன். தூளை விரலால் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, "கம்பெனில எர்த் புடிக்கற எடத்துக்கெல்லாம் டேப் ஒட்டித்தான் எங்கிட்ட வரும். ஒட்டறது வேற லைன். நான் எங்க கண்டேன்" என்றார். இத்தனை வருஷம் பெயிண்ட் அடித்தவர், எங்கே அடிக்கக்கூடாது என்று ஒருநாளும் அறியவேண்டியிருக்கவில்லை. அவர் கைக்கு வரும் முன்பே யாரோ ஒரு பெண் பார்த்துப் பார்த்து மறைத்து அனுப்பியிருக்கிறாள். அவருக்கு மிச்சமெல்லாம் அடிக்கவேண்டிய இடம். அதைக் கேட்டபோது அவர்மேல் எனக்கு வந்த கோபம் போகவும் இல்லை, நிற்கவும் இல்லை. அவனிடம் சொல்லுங்கள் என்றேன். போன் எடுக்கமாட்டேன் என்கிறான் என்றார். அப்படியானால் கரைக்குப் போய், எல்லோர் முன்னாலும் அடித்தீர்கள் அல்லவா, எல்லோர் முன்னாலும் சொல்லுங்கள் என்றேன். அவர் என்னைப் பார்க்காமல் சொன்னார், "யாருகிட்ட சொல்றது? அன்னிக்கிப் பாத்த ஜனமெல்லாம் பெங்களூரு போயிருச்சி."

அவர் சொன்னதும் உண்மைதான். அவர்கள் போனில் நீ தலைகுனிந்து நிற்கிற படம் இருக்கும். யாரோ ஒரு வீட்டில், சாப்பிட்டு முடித்த பிறகு, அன்றைக்கு ஒரு பொறுப்பில்லாத பையன் நம்மை மூழ்கடிக்கப் பார்த்தான் என்று உன் கதையைச் சொல்லிக்கொண்டிருப்பார்கள். அந்த வீடு எது என்று தெரிந்தால் பஸ் ஏறிப் போய்க் கதவைத் தட்டுவேன். தெரியாதே.

உனக்குப் புத்தி சொல்ல எனக்கு என்ன தகுதி. ஆனாலும் நீ எந்திரங்களோடுதான் வாழப்போகிறாய், அதனால் சொல்கிறேன். அங்கே ஒரு எந்திரம் நின்று, உன் மேஸ்திரி வந்து உன்னைக் கை காட்டினால், உடனே தலையைக் குனிந்துவிடாதே. இதுதான் காரணம் என்று ஒன்றைச் சொன்னால், அதை எடுத்துவிட்டு ஓட்டிப் பாருங்கள் என்று சொல். எடுத்த பிறகும் கோளாறு இருந்தால் அது காரணமில்லை, அவ்வளவுதான் விஷயம். உன் ஸ்பீக்கரை ஏரியில் எறிந்த மறுநாளும் பேட்டரி இறங்கியது. அன்றைக்கே வீட்டில் யாராவது அதை வாய்விட்டுச் சொல்லியிருந்தால் நீ ஓசூர் ஸ்டேஷனைத் தாண்டியிருக்கமாட்டாய். நாளைக்கு உனக்குக் கீழே ஒரு பையன் வருவான். அவன் ஒருநாள் ஆகிறது, ஒருநாள் ஆகவில்லை என்று குழப்பமாகத்தான் சொல்வான். குழப்பமாகச் சொல்கிறான் என்பதற்காகத் தள்ளிவிடாதே. பொய் சொல்கிறவன் தெளிவாகச் சொல்வான். கோளாறைக் கூடவே இருந்து பார்த்தவன்தான் குழம்பிச் சொல்வான்.

உன்னோடு ஐ.டி.ஐ. படித்த முனிராஜை வழியில் பார்த்தேன். உன்னோடு பேசுகிறான் என்று தெரியும், அதனால் பஸ்ஸை விட்டுவிட்டு நின்று கேட்டேன். சாப்பிடுகிறானா, இருமல் இருக்கிறதா, அந்தத் தூசிக்கு மூக்கில் துணி கட்டுகிறானா என்று கேட்டுக்கொண்டே போனேன். அவன் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, போகும்போது ஒன்று சொன்னான். "ரூம்ல யாரையும் பாட்டுப் போட உடமாட்றானாம் ஆன்ட்டி. கொழந்தைங்க இருந்த படகு, என்னாலதான்னு சொல்றானாம்."

அதுவரை நீ எங்கள்மேல் கோபமாக இருக்கிறாய் என்றுதான் நினைத்திருந்தேன். கோபம் என்றால் ஒருநாள் ஆறும் என்று அதைப் பிடித்துக்கொண்டிருந்தேன். நீ கோபமாக இல்லை, நம்பிவிட்டாய். சார்ஜ் ஏறவில்லை என்று தன் கண்ணால் பார்த்துச் சொன்ன பிள்ளை, ஒரு அறைக்கும் என் ஒரு வார்த்தைக்கும் பிறகு தன் கண்ணை விட்டுவிட்டு எங்களை நம்பிவிட்டான். நாங்கள் உன்னை எப்படி வளர்த்திருக்கிறோம், பார். கண்டுபிடித்ததை உன் போனுக்கு எழுதி அனுப்பினேன், இன்னும் நீ திறக்கவில்லை. சமாதானம் சொல்ல அம்மா எதையோ கட்டிச் சொல்கிறாள் என்று விட்டுவிட்டாயா? அதனால்தான் இதில் ஒவ்வொரு முள்ளையும் எங்கே வைத்தேன் என்று எழுதியிருக்கிறேன். நீ படித்த படிப்பு அதுதான். தப்பு இருந்தால் கண்டுபிடி.

இந்த வருஷ ஆயுத பூஜையும் வந்தது. அப்பா படகைக் கரையேற்றினார். கழற்றிக் கொடுக்க ஆள் இல்லை, அவரே கழற்றினார். நான் எலுமிச்சம்பழம் அறுத்துக்கொண்டிருந்தேன். துப்பாக்கியைக் கையில் எடுத்தவர் கீழே வைத்துவிட்டு, "உங்க கம்பெனி டேப்பு ஒரு துண்டு இருந்தா குடு" என்றார். என் பையில் இருந்ததைக் கொடுத்தேன். ரெகுலேட்டர் உட்காரும் இடத்தில் அதை ஒட்டினார், விரல் நகத்தால் ஓரமெல்லாம் அழுத்தினார். பெயிண்ட் காய்ந்ததும் உரித்தார். நீலத்துக்கு நடுவில் அந்த ஒரு இடம் மட்டும் வெறும் உலோகமாக இருந்தது. அதற்கும் ஒரு பொட்டு வைக்கப்போனேன், கையைத் தட்டிவிட்டார். அப்புறம் அவர் பொரித் தட்டை எடுத்துக்கொண்டு போய்த் தண்ணீரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார். மன்னிப்பு என்று அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அது உனக்குப் போதாது என்று எனக்குத் தெரியும். எனக்கே போதவில்லை.

படகு இப்போது காலையில் ஒரே திருப்பில் கிளம்புகிறது. கரையில் நிற்பவர்களுக்கு அது ஒரு எஞ்சின் சத்தம். எனக்கு அதைக் கேட்க முடியவில்லை. வாரலீவு நாளில்கூட அந்தப் பக்கம் போவதில்லை.

உன்னை வா என்று கூப்பிட எனக்கு வாய் வரவில்லை. வந்தால் எந்த முகத்தோடு உனக்குச் சோறு போடுவேன் என்றும் தெரியவில்லை. போனை எடு என்றும் கேட்கவில்லை. ஷிப்ட் முடிந்து அறைக்குப் போனதும், கூட இருக்கிற பிள்ளைகள் கேட்கும்படி ஒரு பாட்டுப் போடு, கண்ணு. எந்தப் பாட்டானாலும் சரி, சத்தமாகப் போடு. படகு அதனால் நிற்கவில்லை.